தாயத்துக் கை

“ஜீப்பு சும்மாத்தானே நிக்குதுங்க, எங்கப்பாவ அதுல ஏத்துனா என்னங்க?”

இருபத்தாறு வருடங்களுக்கு முன், செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் செங்கோடனிடம் ஒன்பது வயது சரண்யா கேட்ட கேள்வி இது.

“அது மிளகு மூட்டை ஏத்தறதுக்கு,” என்றார் ரைட்டர். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த அப்பாவை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார்கள். ஏற்காடு ஆஸ்பத்திரியில் இறக்கியபோது உயிர் இல்லை.

இன்று அதே செங்கோடன், வாழவந்தியில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். சரண்யா அதில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள்.

மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து எழுதுவது அவள் வேலை. இந்த வீட்டுக்கு இது நான்காவது மாதம். அவள் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

“இன்னைக்கும் நார்மல்தான் பாரு கண்ணு. எழுபத்திரண்டு வயசாச்சு, ஒரு மாத்திரையத் தொட்டதில்ல.”

மிஷின் காற்றை விட்டது. 126, கீழே 78.

“பாத்தியா! இனி அந்த டாக்டருக்கு நான் பிரஷர் பாக்கறேன், வரச் சொல்லு.”

சரண்யா சிரிக்கவில்லை. அவள் விரல்கள் அவருடைய மணிக்கட்டில் இருந்தன. கை சில்லென்றிருந்தது. நாடி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

போன மாதமும் இப்படித்தான். மிளகு பறிக்க ஏணியில் ஏறினால் இந்தக் கை மட்டும் சோர்ந்து தலை சுற்றுகிறது என்று அவரே அன்றைக்குச் சொன்னார்.

சேலத்தில் நடந்த பயிற்சியில் டாக்டரம்மா இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு கையிலும் பாருங்கள். ஒரு கைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அந்தக் கை குறைத்துக் காட்டும். உண்மையான அளவு மறு கையில்தான் தெரியும்.

மறு கையின் புஜத்தில் தாயத்து இருந்தது. சேர்வராயன் கோயிலில் வைத்துக் கட்டியது. அதன்மேல் எதையும் சுற்றக் கூடாது என்று முதல் மாதமே தடுத்துவிட்டார். அவருக்கு இதுவரை பிரஷர் பார்த்த எல்லோரும் இடது கையிலேயே பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

போன மாதமே சரண்யாவுக்குப் புரிந்துவிட்டது.

புரிந்தும் ‘நார்மல்’ என்று எழுதினாள். திரும்பும்போது பஸ்ஸில், பழி தீர்ந்ததுபோல் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. மாலையில் சாமி விளக்கை ஏற்றும்போது மட்டும் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

அவளை யாரும் குறை சொல்ல முடியாது. கையைக் கொடுக்காதவர் அவர். அன்று அவர் எதுவும் செய்யவில்லை. இன்று அவளும் எதுவும் செய்யப் போவதில்லை. அவ்வளவுதான்.

பேனாவைத் திறந்தாள்.

“வந்துட்டயா சாமி!” உள்ளேயிருந்து செங்கோடனின் மனைவி சென்னம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “இவுருக்கு ஒண்ணுமில்லயே?”

இந்த வீட்டில் சென்னம்மாளின் முகத்தை மட்டும் சரண்யா ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. இப்போதும் நோட்டையே பார்த்தாள்.

“அவ ஒருத்தி. கல்லாட்டம் இருக்கறேன்,” என்றார் செங்கோடன்.

“கல்லுதான். பத்துப் படி ஏறுனா மூச்சு வாங்குற கல்லு.” சென்னம்மாள் குரலைத் தணித்தாள். “போன மாசம் நீ நல்லாருக்குன்னு சொல்லீட்டுப் போனியே கண்ணு, அன்னைக்குத்தான் நான் நொம்ப நாளைக்கப்பறம் நிம்மதியாத் தூங்குனேன். இரு, பட்டர் ஃப்ரூட் காச்சுக் கெடக்குது. உன்ற ஊட்டுக்கு ரெண்டு பறிச்சாறேன்.”

பின்கதவு திறந்து மூடியது.

சரண்யா பேனாவை மூடினாள்.

“ஐயா, அந்தக் கையக் குடுங்க.”

“தாயத்து இருக்குதே கண்ணு.”

“கட்டுன சாமிக்குத் தெரியுங்க. பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்குப் பயந்து அவர் கையை நீட்டினார். தாயத்தை மெல்லத் தோள்வரை ஏற்றிவிட்டுப் பட்டையைச் சுற்றினாள்.

192, கீழே 108.

ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தாள். 190, கீழே 106.

செங்கோடன் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரண்யா தள்ளிப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். இரண்டு கைகளின் அளவையும் சொன்னாள். இடது கை நாடி போன மாதமே தேடும்படிதான் இருந்தது, நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னாள். இன்றைக்கே அழைத்து வரச் சொன்னார் டாக்டர். அதைச் செங்கோடனிடம் வந்து சொன்னாள்.

“நீ நல்லா இருக்கோணும் சாமி,” என்றார் செங்கோடன். கை கூப்பியிருந்தது.

அந்த வாழ்த்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவரை அவள் மன்னிக்கவில்லை. இனி மன்னிப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, பழத்துக்குக் காத்திராமல் வாசலில் இறங்கினாள்.

அன்று கட்டிலைத் தூக்கியபோது ரைட்டரின் மனைவி செருப்புக்கூடப் போடாமல் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். ஏற்காடு போய்ச் சேரும்வரை தான் நனைந்துகொண்டே கட்டிலின் தலைமாட்டில் குடையைப் பிடித்தபடி நடந்தாள். பிறகு வந்த வழியே திரும்பிப் போனாள்.

கட்டிலை இறக்கி வைத்தபோது அப்பாவின் முகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.