பகை வீட்டுத் தண்ணீர்

கிழவர் கல்லைத் துவாய்த் துண்டின் தலைப்பில் வைத்து முடிந்தார். மரத்தில் ஒருதரம் அடித்துப் பார்த்தார்.

பட்டை பெயர்ந்து விழுந்தது.

போதும்.

டார்வின் கடற்கரை முழுக்கச் சிவப்புக் கல். இரும்புபோலக் கனம். கத்தி வாங்கப் போனால் கடையில் கமரா இருக்கும். கல்லுக்கு யார் காவல்?

சிட்னியில் இருக்கும் மகளிடம், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

அதனால் சுற்றிப் பார்த்தார்.

கடல் பச்சையாகப் படுத்துக் கிடந்தது. கரையில் ஒரு பலகை. அதில் வாயைப் பிளந்த முதலை. ஒருத்தரும் குளிக்கவில்லை.

முல்லைத்தீவில் வலை இழுத்தவர் அவர். எத்தனையோ கடல் பார்த்திருக்கிறார். பல்லைக் காட்டிவிட்டுப் படுத்திருக்கிற கடல் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பொய் சொல்லும்.

மகன் நிமலனுக்குச் சொன்னது.

அவன் இந்தப் பக்கம் வரத்தான் படகேறினான். ஓட்டைப் படகு. காசு வாங்கி ஏற்றிவிட்ட தவநேசனுக்கு அது தெரியும். படகு வந்து சேரவில்லை. தவநேசன் பிறகு விமானத்தில் வந்து இறங்கினான். இந்த ஊரின் வடக்கு முனையில் கொத்துரொட்டிக் கடை போட்டிருந்தான்.

நடந்துதான் போகவேண்டும். டாக்சி ஓட்டுகிறவர்கள் நம்மிடத்து ஆட்கள். ஏறி இருந்ததும் எந்த ஊர், எங்கே போகிறீர்கள் என்று நோண்டுவார்கள். பின்னேரத்துக்குள் கதை அவனிடம் போய்விடும். பஸ்ஸிலும் கமரா.

வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்கு முந்தின மாதம். வானம் கறுத்து உறுமுகிறது, ஒரு துளி விடுகிறதில்லை. இந்த மாதத்தில் அங்கே ஆட்களுக்கு விசர் பிடிக்கும் அப்பா என்று மகள் சொல்லியிருந்தாள்.

பிடித்துத்தான் இருந்தது.

பார் வாசலில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். சட்டை இல்லை. ஒருத்தன் மற்றவனின் தலைமயிரைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் மோதினான். பல் ஒன்று தெறித்து அவருடைய செருப்புக்குக் கிட்ட விழுந்தது. பக்கத்தில் ஒரு பெண் போத்தலும் கையுமாக நின்று சிரித்தாள்.

இன்னொரு மோதல். அவ்வளவுதான். அடிபட்டவன் சாக்குப்போலச் சரிந்தான்.

அவர் நின்று பார்த்தார். தலையில் அடித்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

தலையில் அடிக்கக்கூடாது.

பாதையோரத்தில் பழைய பீரங்கி ஒன்றைக் கழுவித் துடைத்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட ஊராம். சனம் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்தது. அவர் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனார்.

புல்வெளியைக் குறுக்கே கடந்தபோது ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு பாய்ந்தது. செட்டையில் இருந்த முள்ளால் நெற்றியைக் கீறியது. திரும்பி வந்து இன்னொருதரம் கீறியது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

புல்லுக்குள் அதன் குஞ்சு நின்றது.

"அடி," என்றார் குருவியிடம். "நல்லா அடி."

போத்தலில் தண்ணீர் முடிந்துவிட்டது. பூங்காவில் குழாய் இருந்தது, அதற்கு மேலேயும் கமரா. கார் ஒன்று நின்றது, வெள்ளைக்காரி ஒருத்தி தன்னுடைய போத்தலை நீட்டினாள். என்ன கலந்திருக்கிறாளோ. கையால் விலக்கிவிட்டு நடந்தார்.

தவநேசனின் கடை வாசலில் கால் மடங்கியது.

கண் விழித்தபோது யாருடைய மடியிலோ தலை கிடந்தது. வாய் நனைந்திருந்தது.

தொண்டையும்.

"என்னய்யா, உந்த வெயிலுக்கை தொப்பியும் இல்லாம நடந்தனீங்களே? நாய்கூட நிழல் பாத்துக் கிடக்குது. இன்னொரு மிடறு குடியுங்கோ."

தவநேசன். படத்தில் பார்த்த அதே முகம். கொஞ்சம் கொழுத்திருந்தான்.

அவருடைய ஊரில் பகை வீட்டுத் தண்ணீரைக் குடித்தால் பகை முடிந்தது. பிறகு கை ஓங்க முடியாது. அதனால்தான் பகைக்காரர் செத்தவீட்டுக்கு வந்தாலும் தொண்டை காய நின்றுவிட்டுப் போவார்கள்.

இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார்.

தண்ணீர் வந்தது. பிறகு மஞ்சளாகப் பித்தம். விடவில்லை. ஒரு சொட்டும் உள்ளே தங்கக்கூடாது. இரத்தம் வரும்வரை தோண்டினார்.

"ஐயோ, வெறும் பச்சைத் தண்ணிதானே ஐயா..."

சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். அவனும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

மெல்ல எழும்பிச் சுவரோடு ஒட்டினான்.

"ஆரின்ர அப்பா நீங்கள்?"

துவாய் சுழன்றது. தோள் எலும்பு உடைந்தது இரண்டு பேருக்கும் கேட்டது.

"நீயே சொல்லடா."

தவநேசன் கத்தவில்லை. ஓடவுமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஜெயசீலன்."

முழங்கையில் விழுந்தது.

"அருட்செல்வம்."

விலாவில்.

"கோகுலன்."

தொடையில். தவநேசன் தரையில் குந்திவிட்டான்.

படகில் போன அந்தப் பிள்ளைகளை அவருக்குத் தெரியாது. பெற்றவர்களையும் தெரியாது. அவர்களுக்காகவும் அடித்தார்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. வாயில் இரத்தம் நுரைத்தபோதும் அவன் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. படுக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினவன்போலச் சொன்னான். பெயர், அடி. பெயர், அடி. கொத்துத் தட்டுகள் மேசையில் அதிர்ந்தன.

"நிமலன்."

அடி விழவில்லை.

தவநேசன் அடிக்காகப் பொறுத்தான். அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தவன் அதைச் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தான். ஓங்கியிருந்த கையைப் பார்க்கவில்லை. கிழவரின் முகத்தைப் பார்த்தான்.