கடைசிக்கு முந்தின வீடு

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த ஜாக்குலின் யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் வாசல் குழாயடியில் குந்தியிருக்கிறாள். திருக்கழுக்குன்றம் மலைமேல் வெயில் ஏறிவிட்டது. பேரூராட்சித் தண்ணீர் அரைமணி நேரம்தான் வரும். குழாய் சொட்டுகிறது, குடத்தின் அடி இன்னும் நிறையவில்லை. தெருவின் மேல்பக்கம் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். சத்தம் வெளியே கேட்காதிருக்க ஒவ்வொன்றின்மேலும் பழைய தலையணை. இனி யாரும் மோட்டார் போடுவதில்லை என்று போன ஞாயிறு தெருக்கூட்டத்தில்தான் சிலர் சூடம் அணைத்தும் சிலர் பைபிளைத் தொட்டும் சத்தியம் செய்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டிய கிருபாகரன் எதிர்மாடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறான்.

"இன்னா அண்ணாத்த, நீயே போட்டுகினு கீற?"

"எல்லாரும் போட்டுகினு கீறாங்கோ. நான் மட்டும் கேனையனா? நீயும் ஒண்ணு போடும்மா."

அவளும் வாங்கித்தான் வைத்திருக்கிறாள். பெட்டி கட்டிலுக்கடியில் பிரிக்காமல் கிடக்கிறது. குழாய் வரிசையில் அவளுக்குக் கீழே ஒரே வீடு, காசியம்மாளுடையது. காசியம்மாளின் புருஷன் படுத்த படுக்கை. தினமும் துடைத்துவிட வேண்டும். குழாய் சொட்டுவதையே ஜாக்குலின் கொஞ்சநேரம் பார்க்கிறாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைப் பிரித்து, மோட்டாரை மாட்டி, சுவிட்சைத் தட்டுகிறாள். தண்ணீர் சீறிக்கொண்டு குடத்தில் விழுகிறது. குடம் நிறைவதற்குள் காசியம்மாள் காலிக் குடத்தோடு வந்து நிற்கிறாள். ஜாக்குலின் நிமிரவில்லை. திட்டிவிட்டுப் போனால் தேவலை என்றிருக்கிறது. காசியம்மாள் குனிந்து மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"எந்தக் கடைல வாங்கன, ஜாக்குலினு?"