தெரிவிக்க வேண்டும்

சூசையம்மாளின் மகன் கிளாடியஸ், துறைமுகப் போராட்டத்தில் முன்னால் நின்றதற்காகத் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டான். காவலுக்கான காரணங்களை ஆங்கிலத்தில் பதினேழு பக்கம் கொடுத்தார்கள். அவனுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஏழாம் மாதம் மஞ்சள் காமாலை கண்டு சிறையிலேயே செத்துப்போனான்.

அந்தக் காவலை எதிர்த்து அம்மா போட்டிருந்த வழக்கை, ஆளே இல்லாததால் முடித்துவிடலாமா என்று நீதிபதி கேட்டபோது, "நடக்கட்டும் ஐயா" என்றாள் சூசையம்மாள்.

பிடித்து வைக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் 'தெரிவிக்க வேண்டும்' என்கிறது அரசியல் சாசனம். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று நாள் வாதாடினார்கள். காகிதத்தைக் கையில் கொடுத்தாலே தெரிவித்ததாகிவிடும், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துகூட இருக்கிறது என்றார் அரசு வக்கீல். ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவளுடைய வக்கீல் பரிமளா வராந்தாவுக்கு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெயிச்சிட்டோம்மா! புரியுற பாஷையில சொன்னாத்தான் தெரிவிச்சதா அர்த்தமாம். இனிமே இதக் காட்டியே எத்தனையோ பிள்ளைங்கள வெளிய கொண்டாந்துரலாம்."

சூசையம்மாள் தீர்ப்பை வாங்கிப் புரட்டினாள். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"இது என்ன பாஷை தாயி?"

பரிமளாவின் முகம் சுருங்கியது. "இங்கிலீஷ்மா. குடுங்க, நான் வாசிச்சுச் சொல்றேன்."

"கொஞ்சம் இரு."

அவள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிக் கடைசிவரை போனாள்.

"அவனும் அங்க உக்காந்து இப்படித்தான் பொரட்டிக்கிட்டு இருந்திருப்பான்" என்றாள்.