எதிராளியின் நியாயம்

அவன் இன்னும் தலையாட்டவில்லை.

அவன் தலையாட்டாமல் அவள் தன் வாதத்தைத் தொடங்க முடியாது. அது வீட்டுச் சட்டம். கொண்டுவந்தவளும் அவள்தான்.

பழைய தத்துவ சபைகளின் வழக்கம் அது. எதிராளியை மறுப்பதற்கு முன்னால் அவனுடைய நியாயத்தை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். 'ஆமாம், இதைத்தான் நினைத்தேன்' என்று அவனே ஒப்புக்கொள்ளும்வரை சொல்ல வேண்டும். கல்லூரியில் அறவியல் வகுப்பில் நடத்தியதைக் கல்யாணமான புதிதில் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். மாட்டு டாக்டரான கணவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். போகப்போக அவளைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டான்.

பாதிச் சண்டைகள் அதிலேயே நமுத்துப் போயின. அடுத்தவர் நியாயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சொந்த நியாயம் மறந்துவிடும்.

இன்றைய விஷயம் அப்படி மறந்துபோகக்கூடியதில்லை.

ஏதென்ஸில் மூன்று வருட ஆராய்ச்சி. இத்தனை காலம் மொழிபெயர்ப்பில் படித்த கிரேக்கத் தத்துவவாதிகளை அவர்கள் மொழியிலேயே படிக்கலாம். இன்றைக்குள் பதில் போட வேண்டும்.

அவள் பக்கத்தை அவன் காலையிலேயே, காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

"காலமெல்லாம் அடுத்தவங்க பேப்பரையே திருத்திட்டு இருந்துட்ட. உன்னோடத எப்ப எழுதப்போற? இப்பப் போகலேன்னா எங்கிட்ட நல்லாத்தான் பேசுவ. ஆனா புஸ்தக அலமாரியத் திறக்கும்போதெல்லாம் மூஞ்சி மாறிப்போகும்."

அவளால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. பாவி மனுஷன்! தலையாட்டிவிட்டாள்.

இப்போது அவள் முறை. அவன் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான்.

"தனியாச் சமைச்சுச் சாப்பிட மாட்டீங்க."

தலை அசையவில்லை.

"சுகர் மாத்திரைய மறந்துருவீங்க."

"ம்ஹும்."

"ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

சிரித்தான்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் அங்கேயே இருந்துருவேனோன்னு பயம்."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ஆமாம் என்றால் போதும். திரும்பி வருவேன் என்பதற்கு அவளிடம் ஆயிரம் காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் அவன்தான்.

"அதெல்லாம் இல்ல, புரொபசரம்மா. பதிலப் போடு."

இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனையோ பேருடைய மனதை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாடம் நடத்தியவள். ரிடையராகி வீட்டில் இருக்கிற இந்த ஒரு மனிதனின் மனது பிடிபடவில்லை.

மடிக்கணினியைத் திறந்தாள். முதல் வரியை அடித்தாள்.

கீரையை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அங்க ரொம்பக் குளிருமோ?" என்றான், கிண்ணத்தைப் பார்த்தபடியே. "எங்கிட்ட ஒரு ஸ்வெட்டர்கூட இல்லையே."