சிவப்பு மூடி ஃபிளாஸ்க்

"ஒரு வாய் டீக்குக்கூட வழியில்லாமப் போச்சா உனக்கு?"

அக்கா கேட்டது படுக்கையில் கிடந்த தங்கையை. கர்ப்பப்பையில் புற்றுநோய். உடம்பில் ரத்தம் போதாது, ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதால், மூன்று வாரமாக இரும்புச்சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குத் துணி ஆலை வாசலில் வேலை. ஷிப்ட் முடிந்து போகிற பெண்களின் பையைச் சோதிப்பாள். பையைத் திறக்காமலே ஆளை எடை போட்டுவிடுவாள் என்று பேர். தங்கையின் மருமகளையும் அப்படித்தான் முதல் நாளே எடை போட்டிருந்தாள். ஊமைக் கோட்டான்.

"மாத்திரை நேரத்துல டீ கூடாதாம் பெரியம்மா. நர்ஸ் சொன்னாங்க" என்றாள் மருமகள்.

"டீ போடச் சோம்பல்னு சொல்லிட்டுப் போயேன். பாவம் நர்ஸ், அவளை ஏன் இழுக்கறே?"

மருமகள் மாத்திரையையும் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறையும் வைத்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

அக்கா டம்ளரை முகர்ந்து பார்த்தாள். சர்க்கரைகூட இல்லை. அதை அப்படியே வாஷ்பேசினில் கொட்டினாள். பையிலிருந்து சிவப்பு மூடி ஃபிளாஸ்க் வெளியே வந்தது. உள்ளே சுடச்சுட டீ.

"நோயாளியைப் பாக்க வெறுங்கையோட வர்ற ஆளா நான்? இந்தா, மாத்திரையையும் இதோடவே முழுங்கு."

தங்கை சிரித்தாள். நாள் முழுக்க அவள் சிரிப்பது அந்த ஒரு வேளைதான். மூன்று வாரமும் இதே கதை.

இன்று மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரத்த அளவு எட்டுலயே நிக்குது. இப்படியே ஆபரேஷன் பண்ணினா காயம் ஆற நாளாகும், எழுந்து நடக்கறதும் கஷ்டம். அதுக்காகக் கட்டியை ரொம்ப நாள் விட்டு வைக்கவும் முடியாது" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது.

"வீட்டுல கவனிப்பு சரியில்ல டாக்டர். ஒரு டீ கிடையாது. தினம் புளிச்ச தண்ணிதான்." மருமகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுதானே சரி? புளிப்போட போனா மாத்திரை நல்லா சேரும். டீயோட போனா சத்து உடம்புல ஒட்டாது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மறைக்காம சொல்லுங்க. மாத்திரையோட யாராவது டீ கொடுத்தீங்களா?"

தங்கை தரையைப் பார்த்தாள். அக்காவின் மடியில் இருந்த பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. சிவப்பு மூடி எட்டிப் பார்த்தது.

மருமகளும் அதைப் பார்த்துவிட்டாள்.

தொலைந்தோம் என்று நினைத்தாள் அக்கா. ஆலை வாசலில் ஒருத்தி இப்படிப் பிடிபட்டிருந்தால், இவள் போட்டிருக்கும் கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

மருமகள் குனிந்து, பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

"நான்தான் டாக்டர். அத்தை ஆசைப்பட்டாங்க. பெரியம்மாவுக்குத் தெரியாம கொடுத்துட்டேன்."

டாக்டர் அவளைப் பிடி பிடியென்று பிடித்தார். இனி மாத்திரையை நம்ப முடியாது, ஊசி வழியாகவே இரும்புச்சத்து ஏற்றி இரண்டு வாரத்தில் ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார். மருமகள் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே? உன்னை நான் எவ்வளவு பேசியிருக்கேன்."

"உண்மையைச் சொன்னா நீங்க கூச்சப்பட்டு வராம இருந்துடுவீங்க. நீங்க வந்தாத்தான் அத்தை சிரிக்கறாங்க." மருமகள் ஃபிளாஸ்க் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாளைக்கும் வாங்க பெரியம்மா. வெறுங்கையோட வாங்க."