அப்பா பார்த்த கேசட்

"அப்பா, கதவைத் திற! என் பிறந்தநாளுக்கு வாங்கிட்டு நீயே பாத்துட்டு இருக்கியா?" லொரைன் முன்னறைக் கதவை இடித்தாள்.

டெஸ்மண்ட் திறக்கவில்லை. மகள் உயிரை விடும் ராக் குழுவின் பதினான்கு பாட்டு வீடியோக்களும் அந்த ஒரே கேசட்டில் இருந்தன. டெர்பி கடைத்தெருவில் காலையில்தான் வாங்கி வந்தான். இப்போது நிலைகொள்ளாமல் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு பாக்கக் கூடாதது எதுவும் இருக்கான்னு தேடுறியா? பாதிரியார் தோத்தார் போ!" மனைவி க்ளெனிஸ் வெளியிலிருந்து கேலி செய்தாள்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. "ஒண்ணும் இல்ல. பாரும்மா."

முதல் பாட்டில் டிரம்ஸ் அடித்தவனின் முகமே தெரியவில்லை. முதுகும் கைகளும் மட்டும்தான். அடுத்த பாட்டில் அந்த இடத்தில் வேறொருவன் இருந்தான்.

"முதல் ஆளு என்னமா அடிச்சான்! இப்படிப்பட்ட குழுவை எந்த முட்டாளாவது விட்டுட்டுப் போவானா?" என்றாள் லொரைன்.

"வீட்டுல கைக்குழந்தை இருந்துச்சு. அதை விட்டுட்டு ஊர் ஊரா அலைய அவனுக்கு மனசு வரல" என்றான் டெஸ்மண்ட்.

"உனக்கெப்படித் தெரியும்?"

அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான். க்ளெனிஸுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கைக்குழந்தை நீதான்டி."