புரூஃப் பார்க்காத அன்று

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. தோழி ஒருத்தி சொன்னது. அவளுக்கு அவள் அத்தை சொன்னது. அந்தக் குடும்பத்தில் ஒரு மருமகளைப் பற்றி இன்றுவரை ஒரே பேச்சுதான்: "புருஷனை ஜெயிலுக்கு அனுப்பினவ."

புருஷன் பத்திரிகை முதலாளி. முதலாளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடகை வீடு, முன்னறை ஆபீஸ், பின்னறை அச்சுக்கூடம், நடுவில் குடித்தனம். வெள்ளைக்காரர் ஆட்சியைத் திட்டி எழுதி ஒருமுறை உள்ளே போய் வந்தவர். வரும்போது இருமலையும் கூட்டிக்கொண்டு வந்தார். இன்னொரு முறை ஜெயில் என்றால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்று காலை இன்ஸ்பெக்டர் வந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எடிட்டர் சார், போன வாரத் தலையங்கத்தைப் படிச்சிட்டு மேலிடம் கொதிச்சுப்போய் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலப் பேப்பர்ல, அதே இடத்துல, மன்னிப்புக் கேட்டு எழுதிடுங்க. இல்லேன்னா நான் சட்டப்படி நடக்கணும்."

"சட்டம் என்ன சொல்லுது?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! 'அச்சிட்டு வெளியிடுபவர்'னு யார் பேரைப் போடறீங்களோ, அவர் எங்ககூட வரணும். அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் படி இறங்கியதும் எடிட்டரை அவர் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்துடுடா தம்பி. மானத்தை அப்புறம் பார்த்துக்கலாம். மூச்சு நின்னுபோனா என்னடா பண்ணுவே?"

எழுத்துக் கோர்க்கிற ஆட்கள் போலீஸ் தொப்பியைப் பார்த்ததுமே பின்வாசல் வழியாக மாயமாகியிருந்தார்கள். ஆள் இல்லாத நாட்களில் மனைவிதான் கோர்ப்பாள், மெஷினையும் அவளே மிதிப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

எழுதினார். வழக்கமாகப் பிடித்து நிறுத்த முடியாத பேனா அன்று ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றது. தாளை நீட்டியபோது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். விரலெல்லாம் மை.

"புரூஃப் எடுத்திருக்கேன். பாருங்க."

"வேண்டாம்."

"நீங்க பார்க்காம ஒரு தாள்கூட மெஷின்ல ஏறக் கூடாதுன்னு சொன்னது யாரு? செருப்புக்கடை விளம்பரத்துக்கே ரெண்டு தடவை பார்த்தீங்க."

"அதை எழுதினதே போதும். படிக்க வேற சொல்றியா?"

"கடைசியா கேக்கறேன். பார்க்கலையா?"

"உனக்கு என்ன தோணுதோ செய். என் கண்ணுல மட்டும் காட்டாதே."

அவள் புரூஃபை மடித்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு 'தடக்'கும் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது.

"இந்தச் சத்தத்தைக் கேட்டப்புறம்தான் எனக்கு உயிரே வந்தது" என்றாள் அக்கா.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் பேப்பரும் கையுமாக வந்தார். வாசலில் தெருவே திரண்டிருந்தது.

"இது என்ன சார்?"

தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றிலும் கறுப்புக் கோடு. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் தாள்.

எடிட்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உள்கதவருகே நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

"அடிப்பாவி! தெரிஞ்சே குடியைக் கெடுத்துட்டியே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் யாரோ "எடிட்டர் வாழ்க!" என்று குரல் கொடுக்க, கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டம்மா வேலைன்னு புரியுது. கை தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வேற தாள் அடிங்க. நான் காத்திருக்கேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த வெறும் கட்டத்தை மறுபடி பார்த்தார். காலையிலிருந்து முதல்முறையாக, இருமாமல் ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

"புரூஃப் பார்த்தது நான்தான். ஒரு பிழைகூட இல்லை."

"ஐயோ, இல்லீங்க!" மனைவி பாய்ந்து வந்தாள். "சார், பேப்பரைத் திருப்பிப் பாருங்க. ஒரே ஒரு தடவை திருப்பிப் பாருங்க!"

"திருப்பினா மட்டும் எழுத்து முளைச்சிடுமா? உள்ளே போம்மா." இன்ஸ்பெக்டர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"நீ பேசாதே" என்றார் அவரும். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

போனவர் திரும்பி வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஜெயிலிலேயே நெஞ்சு நின்றுவிட்டது.

"அவன் உடம்பு தெரிஞ்சும் தள்ளிவிட்டா. பேருக்கு ஆசைப்பட்டவ" என்று அக்கா தன் கடைசி நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்த மருமகள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லையாம். பேசாதே என்று அவர் சொன்னது சொன்னதுதான் போலிருக்கிறது.

எனக்கு மட்டும் அந்த ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது: எதற்காகத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள்?

பழைய பத்திரிகைகளைச் சேர்த்துவைத்திருக்கும் நூலகம் ஒன்றில் அந்த இதழ் கிடைத்தது. வெறும் கட்டம் அப்படியே இருக்கிறது. தாளைத் திருப்பினேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் 'அச்சிட்டு வெளியிடுபவர்' என்ற வரி. முந்தைய இதழ்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அங்கே அவர் பெயர். அன்றைய இதழில் மட்டும் அவள் பெயர்.